மாமாவுக்கு வேர்த்தது

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி இருந்து நான் பார்த்ததே இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்தது. மேலே சின்னக் கதவு போட்ட ஃப்ரீசரும் இருந்தது. ஆனால் பனி உறையாத அளவுக்கு அதன் திருகை அப்பா திருப்பி வைத்திருந்தார். சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கமே நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை தெருவில் மணியடித்துக்கொண்டு ஐஸ் வண்டி வரும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். மாடியில் அத்தை இருக்கிறாள், அவள் காதில் ஐஸ் என்ற சொல்லே விழக் கூடாது. இந்தக் கொடுமையை எந்தப் பிள்ளை தாங்கும் சொல்லுங்கள். நான் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய் வாங்கித் தின்றுவிட்டு, நாக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி வருவேன்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. காலையில் பஸ் பிடித்துப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். தலையில் பூ, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. தலை மட்டும் நன்றாக நரைத்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் எல்லாப் பெண்களும் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொள்ளும்போது அவளும் மாற்றிக்கொள்வாள். எள் விழ இடமில்லாத அந்தக் கூட்டத்தில் அத்தைக்கு இரண்டு பக்கமும் மட்டும் படிக்கட்டு காலியாகக் கிடக்கும். எனக்கு அது ரொம்ப வசதி. காலை நீட்டி உட்கார்ந்து காப்பரிசி தின்பேன். தெரிந்தவர்கள் ஏன் தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், அவள் அறைச் சுவரில் இருந்தார். பட்டாள உடுப்பு, அரும்பி முடிந்த மீசை, யாரோ சிரிக்கச் சொல்லி அதற்குள் நிறுத்தியதுபோல ஒரு முகம். கல்யாணமான புதிதில் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னால் துணியில் வரைந்த பனிமலை. ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரிகிற ஊரில் அந்த ஸ்டூடியோக்காரருக்கு மலை என்றால் பனிமலைதான் வேண்டியிருந்தது. மாமா அதுவரை பனியையே பார்த்ததில்லையாம். முசிறிக்காரருக்குப் பனி ஏது, வாழைத் தோப்பில் மார்கழிக்கு விழுவதுதான். அந்த லீவு முடிந்து போனவரைத்தான் சியாச்சினுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருநாள் பனி சரிந்தது. கூட இருந்த சிலர் கிடைத்தார்கள், மாமா கிடைக்கவில்லை. தந்தி மட்டும் வந்தது.

இதையெல்லாம் பெரியவர்கள் என் எதிரில் பேச மாட்டார்கள். அதனால் நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன். படத்தில் இருக்கிற மலைக்குள் மாமா நடந்து போய்விட்டார், அவ்வளவுதான். அதனால் அந்தப் படத்தை அடிக்கடி சோதித்துப் பார்ப்பேன். சில சாயங்காலம் பார்த்தால் நேற்று நின்ற இடத்தைவிட ஒரு அடி பின்னால் தள்ளி நிற்பது போல இருக்கும். கரண்டு போன ஒரு மத்தியானம், வீடே அடுப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும்போது, படத்துக்குக் கீழே சுவரில் கை வைத்தேன். அந்த இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது. இப்போது கேட்டால் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் போனது என்று யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அன்று நான் படிகளை ஒரே தாவாகத் தாவிக் கீழே வந்து விழுந்தேன்.

தந்தி வந்ததும் சடங்கைச் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். தர்ப்பையில் ஆள் மாதிரி செய்து எரிப்பது என்று ஒரு முறை இருக்கிறது. அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பாக்காம கழட்ட மாட்டேன்." அதோடு சரி. பென்ஷன் வந்தது, வாங்கிக்கொண்டாள். பூ வைத்துக்கொண்டாள். கல்யாண வீடுகளில் சிலர் அவள் கையால் ஆரத்தி எடுக்க விடாமல் தட்டை நைசாக வேறு பக்கம் நகர்த்துவார்கள். அத்தை நேரே பந்திக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவாள். அப்பாதான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

அத்தைக்கு ஒரே மகன். எனக்கு அத்தான் முறை, ஆனால் என் அப்பாவுக்குத் தம்பி போல இருப்பார். மாமா கடைசியாகப் போகும்போது வயிற்றில் இருந்தவர். துறையூரில் பேங்க் வேலை, சனிக்கிழமை தோறும் வருவார். முன் தலை வழுக்கை, லேசாகத் தொப்பை. அவர்தான் ஒருநாள் என் ஸ்கூல் மேப்பை விரித்து சியாச்சின் எங்கே என்று காட்டினார். வெள்ளைக்காரன் போகும்போது நாட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தான். அங்கே ஒரு ராஜாவின் ஊர் யாருக்கு என்று முடியவில்லை. அடித்துக்கொண்டார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசிக் கோடு போட்டார்கள். கோடு போட்டுக்கொண்டே போனவர்கள், மேலே வெறும் ஐஸ்தானே, அங்கே எவன் போகப் போகிறான் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"அப்புறம் யாரு போனா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும்தான்" என்றார் அத்தான்.

"அங்க என்ன விளையும்?"

"ஒண்ணும் விளையாது." மேப்பை மடித்து என் பையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு இது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். யாருக்குச் சொந்தம் என்று அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் கோர்ட்டில் கேஸ். இரண்டு வீட்டுக்காரர்களும் அதற்குள் போக மாட்டோம், பெருக்க மாட்டோம், விட்டுக்கொடுக்கவும் மாட்டோம். உள்ளே போன பந்து போனதுதான். ஒருமுறை ஒரு பூனை செத்துக் கிடந்து, நாற்றம் தாங்காமல் இரண்டு வீட்டிலும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யார் எடுப்பது என்று முடிவாவதற்குள் அதுவே காய்ந்துபோயிற்று.

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஆடிப்பெருக்கு முடிந்து காவிரி இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு சாயங்காலம் பட்டாளத்து ஆபீசர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தமிழ்க்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். அப்பாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே பனி உருகியிருக்கிறது. ரோந்து போனவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கழுத்தில் இருந்த தகட்டில் நம்பர் அழியாமல் இருந்திருக்கிறது. அப்பா நின்றவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அத்தை பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பையோடு வாசலில் வந்து நிற்பதை எல்லாரும் பார்த்தோம். அவள் எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"எப்படி இருக்காரு?" என்றாள் அத்தை. ஆஸ்பத்திரியில் இருப்பவரைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஆபீசர் எழுந்து நின்றார். "அப்படியே இருக்காரும்மா. பனியில ஒண்ணும் ஆகாது."

"அப்படியேன்னா? போனப்ப இருந்த மாதிரியேவா?"

அவர் தலையை ஆட்டினார். அத்தை அழவில்லை. கையைத் தூக்கித் தன் நெற்றிக்கு மேலே, முன்மயிரில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மயக்கம் வருகிறது என்று நினைத்து அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கிற அளவுக்கு என் பரீட்சைகள் கூட நினைவில்லை. ஊரே பரபரப்பாக இருந்தது, நான் மட்டும் பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். மலைக்குள் போன ஆள் திரும்பி வருகிறார். மாடிப்படியில் கால் வைக்கவே மாட்டேன். துணி எடுத்து வா என்று அம்மா மொட்டை மாடிக்கு அனுப்பினால், அத்தை அறையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். ஒருநாள் தெரியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன். படத்தில் மாமா அன்றைக்கு ரொம்பக் கிட்டே நின்றார், சட்டத்தை முட்டுகிற அளவுக்கு. கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு மாமாவே, கேஸை மறந்து, என்ன ஆச்சு என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேலே அந்த ஸ்டூடியோ படம், பெரிதாக. கீழே அத்தான் கைகூப்பிக்கொண்டு. டீக்கடையில் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், மகனைப் பறிகொடுத்துட்டு அப்பா நிக்கிறாரு பாருங்க" என்றார். கடைக்காரர் அவரைத் தனியாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மாமா வருவதற்கு முந்தின நாள் பகலில் அத்தை என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். தரையில் பழைய பேப்பர் விரித்திருந்தது. கிண்ணத்தில் கறுப்பாக என்னவோ கலந்து வைத்திருந்தாள், பக்கத்தில் பழைய டூத் பிரஷ். முன்பக்கம் அவளே போட்டுக்கொண்டுவிட்டாள்.

"பின்னாடி எனக்கு எட்டலை. ஒரு முடி விடாம பாத்துப் போடுடி கண்ணு."

தலைக்குச் சாயம்! எனக்கு ஒரே சந்தோஷம். கலர் அடிக்கிற வேலை என்றால் எந்தப் பயமும் போய்விடும். படத்துக்கு நேர் எதிரே அத்தை உட்கார்ந்திருக்க, நான் பின்னால் மண்டியிட்டு வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினேன். அத்தை ஆடாமல் அசையாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர இன்னொருவர் மூச்சு விடுவது போல இருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

"நாளைக்கு டிவிக்காரங்க வருவாங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"வருவாங்கன்னுதான் சொல்றாங்க."

ஓகோ, அதற்குத்தானா என்று புரிந்துவிட்டது எனக்கு. இன்னும் கவனமாகப் பூசினேன். என் விரலெல்லாம் கறுப்பு.

தலை குளித்துவிட்டு அத்தை கீழே இறங்கி வந்தபோது வீடு முழுக்க சொந்தக்காரர்கள். பேச்சு சட்டென்று நின்றது. அம்மா, "அண்ணி..." என்று எழுந்து வந்தாள். மூலையில் இருந்த ஒரு பெரியம்மா, "விடுங்கடி. கடைசியா ஒரு தடவை சிங்காரிச்சுக்கிறா. நாளையோட அதுவும் போச்சு" என்றாள். எல்லாப் பெண்களும் உச்சுக்கொட்டி அழுதார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டுதான். தாலியை எடுப்பதற்கு முன்னால் பூவும் பொட்டும் வளையலுமாகக் கடைசித் தடவை அலங்கரித்து உட்காரவைப்பார்கள். ஆனால் அத்தை அதற்காகச் செய்யவில்லை, டிவிக்காகத்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லாமல் பெருமையாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அப்பாதான் முன்னால் நிற்பார். சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரே போனில் வந்து இறங்கும். இறந்தவரைக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்து, வெளியூர்ச் சொந்தங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை காத்திருப்பது இப்போதெல்லாம் எங்கள் ஊரில் வழக்கம். அப்பாவும் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். குட்டியானை வண்டியிலிருந்து நாலு பேர் அந்தப் பெட்டியை இறக்கி, வாசலில் வைத்து, ஒயரை நீட்டி பிளக் எங்கே என்று கேட்டார்கள். பெட்டி ஓடுகிறதா என்று போட்டும் பார்த்தார்கள். அது ர்ர்ர் என்று உறுமத் தொடங்கியது.

அத்தை வெளியே வந்தாள். மாம்பழக் கலர் பட்டுப்புடவை, கல்யாணப் புடவை. தலை கருகருவென்று இருந்தது. சத்தியமாக எனக்கு அவளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

"யாருக்குத் தம்பி இது?"

அப்பா பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் ஐஸ்ல கிடந்த மனுஷனை இங்க கொண்டாந்தும் ஐஸ்லதான் வைப்பியா நீ?" அத்தை கத்தவில்லை. "இதை அனுப்பு. மேல கட்டியிருக்கிற இந்தத் துணியையும் பிரிச்சுடு. அவருக்கு வெயில் படணும்."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, எல்லார் எதிரிலும், குழந்தை மாதிரி அழுதார். அப்பா அழுது நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஐஸ் பெட்டி வந்த வண்டியிலேயே போனது. சாமியானாவின் ஒரு பக்கக் கயிறு பக்கத்து வீட்டுச் சுவரில் கட்டியிருந்தது. யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டு மாமா சந்துப் பக்கம் வந்து அதை அவிழ்த்துவிட்டார். தெருவில் ஆவணி வெயில் சுளீரென்று இறங்கியது. சந்துக் கேஸ் இன்னும் நடக்கிறது, அது வேறு விஷயம்.

ஏர்போர்ட்டிலிருந்து மாமா வந்தார். கொடி போர்த்திய பெட்டி, இரண்டு பக்கமும் சிப்பாய்கள். தெருவில் கால் வைக்க இடமில்லாத ஜனம். வெயிலில் பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தார்கள். அந்தப் பெட்டி பக்கத்தில் போனாலே காலில் குளிர் காற்று படுகிறது என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள், அதனால் நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. ஓடியிருப்பேன் இல்லாவிட்டால்.

"திறக்க வேண்டாம்மா. முகத்தை அந்த போட்டோவுல இருக்கிற மாதிரியே வச்சுக்குங்க" என்றார் அந்த ஆபீசர்.

"தந்தி வந்தப்ப ஆளைக் காட்டலை. இப்ப ஆள் வந்திருக்காரு, மூடி வச்சிருக்கீங்க" என்றாள் அத்தை. "நான் பாக்கணுங்க. பாத்துட்டா நானே கழட்டிடுவேன். பாக்கலைன்னா, இன்னிக்கும் கழட்ட மாட்டேன்."

ஆபீசர் சிப்பாய்களிடம் இந்தியில் என்னவோ சொன்னார். டிவிக்காரர்களையும் மற்றவர்களையும் தள்ளி நிறுத்தினார்கள். கொடியை மடித்தார்கள். ஒரு சிப்பாய் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான்.

அந்த நேரத்தில் அத்தை என் பக்கம் குனிந்தாள். "பின்னாடி வெள்ளை ஏதாவது தெரியுதாடி?"

எட்டிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. சொன்னேன். அவள் அவசரமாகத் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸாகச் சில்லிட்டிருந்தன. கேமராவைத்தான் அவ்வளவு தூரம் தள்ளிவிட்டார்களே, அப்புறமும் ஏன் இந்தக் கவலை என்று நினைத்தேன்.

மூடியைத் தூக்கினார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும், மூடவில்லை. நிறம் மட்டும் கறுத்திருந்தது, சந்தனக்கட்டை நாளானால் இருக்குமே அந்த மாதிரி. மற்றபடி படத்தில் இருந்தவரேதான். அதே மீசை. சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்ட அதே முகம். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, சின்னப் பையன்மா" என்றார். தன் வழுக்கைத் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெற்ற தகப்பனை முதல்முறையாகப் பார்க்கிறார், அந்தத் தகப்பனுக்கு இவர் அண்ணன் மாதிரி இருக்கிறார்.

வெயில் மாமாவின் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நெற்றியில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பியது. ஒன்று உருண்டு கன்னத்தில் இறங்கியது.

"அத்தை, மாமாவுக்கு வேர்க்குது" என்றேன்.

யாரோ பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார்கள். அத்தை மட்டும், ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள். பட்டு முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி வேர்த்தது. வெளியூரிலிருந்து வெயிலில் நடந்து வந்தவருக்குத் துடைக்கிற மாதிரி அவள் பொறுமையாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு முகத்தோடு முகம் வைக்கிற அளவுக்குக் குனிந்தாள். கையைப் பிடித்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

"நான்தாங்க" என்றாள்.

பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, யாரையும் கிட்டே வர விடாமல், மஞ்சள் கயிற்றைத் தானே கழற்றி மாமாவின் மார்பில் வைத்தாள்.

மாமாவை ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தோம். தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நான் கேட்டேன். இந்தத் தெருவில் அத்தையைத் தெரியாதவர்களே கிடையாது. கட்டின மாமாவிடம் போய் எதற்கு 'நான்தாங்க' என்று சொன்னாள்? அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், விரலில் ஒட்டியிருந்த தலைச் சாயத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தாள். அது போகவில்லை. அம்மா என் கையைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கறுப்பு போகாததற்கா இவ்வளவு அழுகை, ரெண்டு நாளில் தானே போய்விடுமே என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.